கேலி வேண்டாம், கேள்வி போதும்!



ஆங்கிலம் உலகம் முழுவதும் ஒரே மாதிரி பேசப்படுகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை. நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் அது மாறுகிறது.

லண்டன் கடையில் 'சிப்ஸ்' கேட்டால், விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு சுடச்சுட வரும். நியூயார்க்கில் கேட்டால், பாக்கெட்டில் மொறுமொறு வறுவல் வரும். அந்த வறுவலை லண்டன்காரர் 'கிரிஸ்ப்ஸ்' என்பார். அமெரிக்காவில் 'பேன்ட்ஸ்' என்றால் முழுக்கால் சட்டை. பிரிட்டனிலோ அது உள்ளாடை! ஆஸ்திரேலியர்களுக்குப் பிற்பகல் 'ஆர்வோ'. காலைச் சிற்றுண்டி 'பிரெக்கி'. இங்கிலாந்துக்கு உள்ளேயே, ஒரு சின்ன உருண்டை ரொட்டிக்கு 'பாப்', 'காப்', 'பார்ம்' என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் உண்டு.

இது வெறும் வேடிக்கை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றனர் பிரிட்டிஷார். உடனே விவாதிக்க வேண்டும் என்பது அவர்கள் பொருள். அமெரிக்கர்களுக்கோ அந்தச் சொல்லின் பொருள், ஒதுக்கி வைத்துவிடுவது! அதனால், 'கூடாது' என்றனர். நீண்ட நேரம் காரசாரமாக வாதம் நடந்தது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான் என்பது பிறகுதான் புரிந்தது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சில், தம் போர் நினைவு நூலில் இதை எழுதியிருக்கிறார். 'நீங்கள் சொல்வதன் பொருள் என்ன?' என்று ஒருவர் முதலிலேயே கேட்டிருந்தால், அந்தச் சண்டையே வந்திருக்காது.

சரி, யார் பேசுவது சரியான ஆங்கிலம்? கால்பந்தை அமெரிக்கர்கள் 'சாக்கர்' என்கிறார்கள். அதைக் கேட்டு நகைக்கும் ஆங்கிலேயர்கள் உண்டு. ஆனால், அந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில்தான் பிறந்தது! இலையுதிர் காலத்துக்கு அமெரிக்கர்கள் சொல்லும் 'ஃபால்' என்பதும் அங்கிருந்து கப்பலேறிப் போனதுதான். தாய்நாடு மறந்த சொல்லைப் போன இடம் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதைக் கேலி செய்பவர், தம் பாட்டன் பேச்சையே அல்லவா கேலி செய்கிறார்?

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சியை முன்கூட்டியே நடத்துவதை 'பிரிபோன்' என்கிறோம். வெளிநாட்டினர் பலருக்கு அது புதுச் சொல். ஆனாலும், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

ஆகவே, செல்வங்களே! வேறு ஊரிலிருந்து வந்து உங்கள் வகுப்பில் சேரும் மாணவன் வேறு விதமாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்துவிட்டால், அவன் மறுபடி வாய் திறக்கவே தயங்குவான். 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள்?' என்று கேளுங்கள். உங்களுக்கு ஒரு புதுச் சொல் கிடைக்கும். ஒரு புது நண்பனும் கிடைப்பான்!