கார்டு இயந்திரத்துக்குக் கம்பி இணைப்பே நல்லது

உரக்கடையிலும் விதைக்கடையிலும் கார்டைக் கொடுத்துப் பொருள் வாங்கும் பழக்கம் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. கிசான் கடன் அட்டையே ரூபே கார்டாகப் பல விவசாயிகளின் கையில் இருக்கிறது. ஆயினும், மழை பெய்த மறுநாள் மேலுரம் வாங்க வருபவர் "டவர் கிடைக்கவில்லை, நாளை வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவதும் உண்டு. மானாவாரி நிலத்தின் ஈரம் நாளை வரை காத்திருப்பதில்லை.

இதற்கு இயந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. கடைகளில் உள்ள சிறிய கார்டு இயந்திரங்கள் பெரும்பாலும் சிம் மூலம் இயங்குபவை. தகரக் கூரையும் தடித்த சுவரும் உள்ள கிடங்கில் சிக்னல் குறைவாகவே கிடைக்கும். கிணற்றில் நீர் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் உடைந்திருந்தால் பயிர் வாடத்தான் செய்யும்.

ஆகவே, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவு விற்பனை நிலையங்களும் கார்டு இயந்திரத்தை பிராட்பேண்ட் இணைப்பில் சேர்த்து, சிம்மைத் துணையாக வைத்துக்கொள்வதே சிறந்தது.

மாதக் கட்டணம் வீண் செலவு என்று சிலர் கருதலாம். ஒரு கார்டு விற்பனைக்குத் தேவைப்படும் டேட்டா மிகச் சிறிது. எனவே குறைந்த கட்டணத் திட்டமே போதுமானது. வேகத்தைவிட அறுபடாத இணைப்பே முக்கியம். மேலும், 2018 முதல் மானிய உரம் நாடெங்கும் ஆதாரைச் சரிபார்க்கும் தனிக் கருவி வழியாக விற்கப்படுகிறது. அது பணம் பெறும் இயந்திரம் அன்று. விற்பனையைப் பதிவு செய்வது. அதற்கும் இணைப்பு வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டருக்கும் வேண்டும். ஒரே இணைப்பு இவை எல்லாவற்றுக்கும் உதவுமானால் செலவு பெரிதல்ல. நாளொன்றுக்கு ஓரிரு கார்டு விற்பனை மட்டுமே நடக்கும் சிறு கடைக்கு இது தேவையில்லை. அங்கே சிம்மே போதும்.

இயந்திரம் கேட்கும்போதே, லேன் கேபிள் செருகும் வசதி அல்லது வைஃபை உள்ளதா என வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டும். சிம் மட்டுமே ஏற்கும் இயந்திரத்தைப் பின்னர் மாற்றுவது சிரமம். ரவுட்டர் அருகில் இருந்தால் கேபிளே நல்லது. கேபிளைச் செருகி, இயந்திரத்தின் நெட்வொர்க் அமைப்பில் லேனைத் தேர்ந்தெடுத்து, சிறு தொகைக்கு ஒரு விற்பனை செய்து பார்க்க வேண்டும். வைஃபை என்றால், ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும். அதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

பலரும் மறந்துவிடுவது மின்தடையை. கார்டு இயந்திரத்தில் பேட்டரி இருக்கலாம். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் பொதுவாக இருப்பதில்லை. மின்சாரம் போனால் இணைப்பும் போய்விடும். ரவுட்டருக்கான சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்கிப் பொருத்துவது அவசியம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு விற்பனை செய்து பார்த்தால் ஏற்பாடு சரியா என்பது தெரிந்துவிடும்.

இணைப்பு பாதியில் அறுந்தால் நட்டம் விவசாயியின் தலையில் விழுகிறது. கணக்கில் பணம் கழிந்திருக்கும். கடையில் ரசீது வராது. ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, அத்தகைய தொகை பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. ஆகவே வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. ஆனால் பணம் 5 நாள் கழித்துத் திரும்பினாலும், உரமிடும் பருவம் திரும்பாது.

உற்பத்தியாளர் நிறுவனத்தின் பங்குதாரர்கள் விவசாயிகளே. அடுத்த பொதுக்குழுவில் விலை, தரம் குறித்துக் கேட்பதைப் போல, கடையின் இணைப்பு குறித்தும் அவர்கள் கேட்க வேண்டும்.