விரலுக்கு விலை உண்டு, வைத்தியம் எங்கே?

சென்ற ஆயுத பூஜையன்று நாம் ஒரு தகரப் பட்டறைக்குப் போயிருந்தோம். தகடு வெட்டும் பவர் பிரஸ் யந்திரத்திற்கு மாலை சூட்டி, சந்தனம் குங்குமம் அப்பி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, வாசலில் பூசணிக்காயும் உடைத்தார்கள். ஆனால், கை உள்ளே போகாமல் தடுக்கும் இரும்பு வேலி மாத்திரம் கழற்றப்பட்டு மூலையில் கிடந்தது. ஏனென்று கேட்டோம். வேலி இருந்தால் எண்ணிக்கை குறைகிறது என்றார் மேஸ்திரி. முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னோம். அதற்குள் ஊதுபத்தியும் கற்பூரமும் இருந்தன!

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் விரல் துண்டாகிவிட்டால் நடப்பதென்ன? முதலில் காயத்தில் காப்பித்தூளை அப்புகின்றார்கள். பிறகு முதலாளிக்குப் பழக்கமான ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றார்கள். "மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்று சொல்லப்பா, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது வழியிலேயே ஓதப்படும் மந்திரம். அங்கே எலும்பு முனையைச் சீவி, நான்கு தையல் போட்டு, ஒரு வாரத்திற்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார்கள். துண்டான விரல் குப்பைக்குப் போய்விடுகின்றது. வீட்டிலுள்ளவர்கள் "அவன் தலையெழுத்து" என்கின்றார்கள். முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தலையில் எழுதியவன் மேல் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாதல்லவா?

ஆனால் விஷயம் தலையெழுத்தில் இல்லை, மணிக்கணக்கில் இருக்கின்றது. சுத்தமாக அறுந்த விரலைத் தக்கபடி குளிர்ச்சியில் வைத்துச் சில மணி நேரத்திற்குள் கொண்டுபோனால், ரத்தக்குழாயையும் நரம்பையும் பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துத் தைத்து மறுபடியும் ஒட்ட முடியும். இதற்குச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. சென்னையில் சர்க்கார் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை வைத்தியத்திற்கென்றே ஒரு தனிப் பகுதி பல காலமாக இருந்து வருகின்றது. நசுங்கிக் கூழாய்ப் போனதையெல்லாம் ஒட்டிவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒட்ட முடியுமா முடியாதா என்று தெரிந்த வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொல்வதற்கு முன்னமேயே சீவிவிடுவதைத்தான் குற்றம் என்கின்றோம்.

சட்டத்தின் யோக்கியதையையும் சற்றுக் கவனிப்போம். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ஆம் வருஷத்தில் வந்தது. நாளடைவில் விரிந்த அதன் அட்டவணையைப் பார்த்தால் கசாப்புக் கடை விலைப் பலகை போலவே இருக்கும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டமாம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதமாம். போன விரலுக்கு இவ்வளவு கணக்காய் விலை போடத் தெரிந்தவர்களுக்கு, அந்த விரலைக் காப்பாற்ற ஆகும் வைத்தியச் செலவை முதலாளி கொடுத்தே தீரவேண்டும் என்று எழுத 2009-ஆம் வருஷத் திருத்தம் வரையில், அதாவது 86 வருஷ காலம் கை வரவில்லை! எழுதியதும் எப்படி? தொழிலாளி செலவழித்த தொகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எழுதினார்கள். தினக்கூலிக்காரன் ஆஸ்பத்திரி வாசலில் முன்பணத்திற்கு எங்கே போவான்? அந்தப் பழைய சட்டம் போய், அதனிடத்தில் 2025 நவம்பரில் புதுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கின்றது. எந்தச் சட்டப் புஸ்தகமும் இரவு பத்து மணிக்கு முன்பணம் கட்டப் போவதில்லை.

இ.எஸ்.ஐ. இருக்கின்றதே என்பார்கள். இருக்கின்றது, வாஸ்தவம். 1948-ல் சட்டமாகி, 1955-ல் நம் மாகாணத்தில் கோயமுத்தூரில் துவங்கியது. கையில் காசில்லாமலே வைத்தியம், வேலைக்குப் போகாத நாளுக்குப் பணம் என்னும் அதன் ஏற்பாடு நல்ல ஏற்பாடேயாகும். ஆனால் 2017-ல் வைத்த 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பைத் தாண்டியவனை அது சேர்த்துக்கொள்ளவில்லை. வரம்புக்கு உட்பட்டவர்களிலும், காண்டிராக்டர் பெயரில் ஓட்டுகின்ற எத்தனையோ பேரை முதலாளிகள் பதிவு செய்வதேயில்லை. வேலையில் பட்ட காயத்திற்கு, சேர்ந்த முதல் நாளிலேயே பாத்தியதை உண்டு என்பதும், முதலாளி சந்தா கட்டாத குற்றம் தொழிலாளியைச் சேராது என்பதும் எத்தனை தொழிலாளருக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது?

"அவன் கவனமில்லாமல் கையை விட்டான்" என்று சில கனவான்கள் நியாயம் பேசுகின்றார்கள். வெறும் கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்பித்துக்கொள்ள 1923-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டங்கூட இடம் கொடுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குக் கவனம் எங்கிருந்து வரும்? சங்கத் தோழர்களையும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கின்றது. நஷ்டஈடு வாங்கிக் கொடுத்த அன்று மாலை போட்டுக்கொள்ளுகின்றீர்கள், சந்தோஷம். காயம் பட்ட அன்று அவன் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டான் என்று விசாரித்தீர்களா? தையல் பிரித்த பின் மடங்காமல் விறைத்துப் போகும் கைக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டுமே, அதற்கு யார் ஏற்பாடு செய்தீர்கள்?

பட்டறைகள் கூடியிருக்கும் ஒவ்வொரு பேட்டைக்கும் கையையும் தீக்காயத்தையும் பார்க்கத் தெரிந்த வைத்தியர் இரவும் பகலும் இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று வேண்டும். முன்பணம் கேட்காமல் வைத்தியத்தைத் துவக்கிவிட்டுப் பிறகு முதலாளியிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். அவன் மறுபடியும் வேலை செய்யத்தக்கவனாகும் வரையில் வைத்தியம் முடிந்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

அது வருகிற வரையில் தோழர்கள் செய்யக்கூடியது இது: அறுந்த விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரலின் மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது. காயத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்; காப்பித்தூள் வேண்டாம். விபத்துப் புஸ்தகத்தில் அன்றைக்கே எழுதச் செய்யுங்கள். டாக்டரிடம் மோட்டார் சைக்கிள் கதையைச் சொல்லாமல் யந்திரத்தின் பெயரையே சொல்லி எழுதச் செய்து, அந்தச் சீட்டின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.