ஹாரன் ஊமையானா...

ஹாரன் அடிக்கலைன்னதும் 'புதுசு மாத்தணும் சார்'னு ஆரம்பிக்கற மெக்கானிக்குக்கு உடனே தலையாட்டாதீங்க மக்களே. முதல்ல ஃபியூஸ். எது ஹாரனுக்குன்னு பெட்டி மூடியிலேயே போட்டிருக்கும். போயிருந்தா அதே ஆம்பியர்ல மாத்துங்க (பெருசு போட்டா ஒயர் கருகும், சொல்லிட்டேன்).

அமுக்கினா ரிலே 'டிக்'குங்குதா? அப்போ ஸ்டியரிங் பக்கம் பழுதில்லை. ஹாரன்கிட்ட துருப்பிடிச்ச கனெக்டரையும் எர்த்தையும் பாருங்க. ரெண்டும் சரி, 12 வோல்ட்டும் வருது, ஆனா கத்தலை. அப்பதான் புது ஹாரன்.

'டிக்'கும் இல்லை, ஏர்பேக் விளக்கும் எரியுதுன்னா ஸ்டியரிங்குக்குள்ள இருக்கற கிளாக் ஸ்பிரிங் மேலதான் என் சந்தேகம். அதை மட்டும் நீங்களா கழட்டாதீங்க, ஏர்பேக் மூஞ்சியிலயே வெடிக்கலாம்.

ஊருக்குள்ள ஹாரன் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதிதான். ஆனா கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. எதிர்ல பஸ் வர்றது கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஹாரன்தான் அந்த டிரைவருக்குத் தாக்கல் சொல்லணும்.