முகம் காட்டாத ராமாவாசிகள்

விஞ்ஞானக் கதை என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். வேற்றுக்கிரகவாசி என்றால் பச்சை உடம்பு, பெரிய தலை, உருண்டைக் கண். இந்த உருவத்தைத் திரைப்படங்கள் நம் மனத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டன. ஆனால் கடைசிப் பக்கம் வரை தலையே காட்டாத வேற்றுக்கிரக இனம் ஒன்றைப் பற்றி ஒரு நாவல் இருக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் குடும்பங்கள் அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆர்தர் சி. கிளார்க் 1973இல் எழுதிய 'ரெண்டெவூ வித் ராமா' தான் அந்த நாவல். 22ஆம் நூற்றாண்டில் சூரிய மண்டலத்துக்குள் பெரிய பொருள் ஒன்று நுழைகிறது. கிரேக்க, ரோமானிய தெய்வப் பெயர்களெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோனதால் வானவியலார் நம் தெய்வங்களின் பெயர்களுக்கு வந்திருக்கிறார்கள். அதனால் அதற்கு ராமா என்று பெயர் விழுகிறது. போய்ப் பார்த்தால் பாறையல்ல, சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை வடிவக் கப்பல்! உள்ளே வளைந்து கிடக்கும் கடல், நகரம்போல் கட்டடங்கள், மூன்று மாபெரும் படிக்கட்டுகள். ஆள் மட்டும் இல்லை. பழுது பார்க்கும் வேலைக்காரப் பிராணிகள் எழுந்து வருகின்றன, தங்கள் வேலையைப் பார்க்கின்றன. எசமானர்கள் வருவதேயில்லை. மூன்று கைகள் உள்ளவருக்குப் பொருந்தும் ஓர் உடுப்பின் பிம்பம் தெரிகிறது, அவ்வளவுதான். கடைசியில் ராமா சூரியனிடம் சக்தியை வாங்கிக்கொண்டு, நம்மை ஏறெடுத்தும் பாராமல் தன் வழியே போய்விடுகிறது.

"இதென்ன கதை? ஆளைக் காட்டவேயில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. என் மருமகனும் அந்தக் கட்சிதான். காட்டாததுதான் அதன் நேர்மை என்பேன் நான். படியைப் பார்த்தால் படி ஏறியவனின் காலைப் பற்றிக் கொஞ்சம் யூகிக்கலாம். அவன் நல்லவனா கெட்டவனா என்று யூகிக்க முடியுமா? நாவலில் புதன் கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் அப்படித்தான் யூகிக்கிறார்கள். கண்ணால் காணாத ராமாவாசிகள் பகைவர்கள் என்று முடிவுகட்டி, ஓர் அணுகுண்டையும் அனுப்பிவிடுகிறார்கள். ரோட்ரிகோ என்ற பக்திமான் ஒருவர் விண்வெளியில் போய் அதைச் செயலிழக்கச் செய்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

கிளார்க் 1956 முதல் 2008இல் காலமாகும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். வந்த ஆண்டிலேயே நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையில் கடலுக்குள் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டவர்கள் அவர்கள். (வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி ஆகிவிட்டார். அது தனிக் கதை.) கட்டியவர்கள் இல்லாத இடத்தில் வேலைப்பாட்டை மட்டும் கண்டு நின்ற மனிதருக்கு, ஆளில்லாத ராமாவை எழுதுவது கைவந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கொல்லயில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பக்கத்திலுள்ள எல்லைக் கிராமம். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. 1963 நவம்பர் 21 மாலையில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது என் மாமா இங்கே சிறுவன். ராக்கெட்டை அவர் பார்க்கவில்லை. அது வானத்தில் விட்டுப்போன சோடியம் ஆவி மேகத்தைத்தான் பார்த்தார், ஆரஞ்சு நிறத்தில். வால்நட்சத்திரம் என்றார் ஒருவர். முந்தைய ஆண்டுதான் சீனப் போர் முடிந்திருந்தது. ஆகவே சீனாக்காரன் குண்டு என்று சொன்னவர்களும் இருந்தார்களாம். கிளார்க் புதன் கிரகத்தில் வைத்தவர்களை நான் எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன்!

சிரிப்பதற்கில்லை. மலையாளப் படத்தில் வரும் 'பாண்டி' யார்? தமிழ்ப் படத்தில் வரும் டீக்கடை நாயர் யார்? சந்திரனில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கை அங்கே ஒரு நாயர் டீக்கடை வரவேற்றதாக நாமும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இங்கே ஒரு பள்ளி நாடகத்தில் வீட்டில் தமிழ் பேசும் பையனுக்கு லாரி கிளீனர் வேடம் கொடுத்தார்கள். அவன் தகப்பனார் கணக்குப்பிள்ளை. வேடம் கொடுத்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். தமிழன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்ற படம் அவர் மனத்தில் முன்பே தயாராக இருந்தது. நம் வீடுகளில் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலைக்கு வரும் பையன்களைப் பற்றிப் பேசும் பேச்சும் அதே ரகம்தான். எல்லோரையும் சேர்த்து 'பாய்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அவர்கள் கட்டிய சுவர் நமக்குத் தெரியும். அவர்கள் ஊரில் என்ன படித்தார்கள், யாரை விட்டு வந்தார்கள் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

2017இல் 'ஓமுவாமுவா' என்ற பொருள் வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து சூரியனருகே வந்து போனபோது பலருக்கும் ராமா நினைவு வந்தது. எந்தத் தொலைநோக்கியிலும் அது வெறும் ஒளிப்புள்ளிதான். ஆயினும் பத்திரிகைகளில் சுருட்டுப்போல நீண்ட படம் வந்தது. அது ஓவியர் வரைந்த கற்பனை என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? நானே அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன், அழகாக இருப்பதால்.

ராமா கதை முதல் நூலோடு நிற்கவில்லை. ஜென்ட்ரி லீ என்பவருடன் சேர்ந்து 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பாகங்கள் வந்தன. நிறங்களால் பேசும் எட்டுக்கால் பிராணிகளும், பறவை இனமும், நிறைய விளக்கங்களும் அவற்றில் உண்டு. மருமகனுக்கு அவை பிடிக்கும். எனக்கு அவற்றைப் படித்தபோது, பூட்டிய கதவின் முன் மரியாதையாக நின்றுகொண்டிருந்த ஒருவர் திடீரென்று சன்னல் வழியாக ஏறிக் குதித்ததுபோல் இருந்தது. கோடை விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நூலை மட்டும் வாங்கிக் கொடுங்கள். முடித்ததும் ராமாவாசியின் படம் வரைந்து தரச் சொல்ல வேண்டாம். அந்த உடுப்பையும் படிக்கட்டையும் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்ற மூன்றையும் பிறகு அவர்களாகவே தேடிப் படித்தால் படிக்கட்டும்.