தொட்டி ஆருக்குச் சொந்தம்?



"பொரிச்சா பேக்கன் மாதிரி இருக்கும், விளைநிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், இதுதான் எதிர்கால உணவு." டல்ஸ் என்ற சிவப்புக் கடற்பாசியைப் பற்றி எங்கட சூழலியல் வட்டங்களிலும் இப்படித்தான் கதைக்கினம். அது ஆருக்குச் சொந்தம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கிறதில்லை.

டல்ஸ் ஆய்வுகூடத்தில் பிறந்த சாப்பாடு இல்லை. அயர்லாந்து, ஸ்கொட்லாந்துக் கரைகளில் ஏழைச் சனம் நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டது. கனடாவின் கிராண்ட் மனான் தீவில் இன்றைக்கும் கடல் வற்றுகிற நேரம் கையால் பிடுங்கி, கல்லில் பரப்பிக் காய வைக்கினம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், அபலோனி என்ற கடல் நத்தைக்குத் தீனியாகத்தான் பசிபிக் டல்ஸைத் தொட்டியில் வளர்த்தது. குளிர்ந்த கடல்நீரில் காற்றுக் குமிழி விட, பாசி சுழன்று சுழன்று வளரும். வேகமாய் வளரும் ஒரு ரகத்துக்குக் காப்புரிமையும் எடுத்தது. 2015-இல் பேக்கன் கதை உலகமெல்லாம் ஓடியது.

இந்தப் பாசிக்கு விதையே வேண்டாம். ஒரு துண்டை வெட்டிப் போட்டால் அது வளரும். அயலவருக்குக் கிள்ளிக் கொடுக்கக்கூடிய ஒன்று. காப்புரிமை தடுப்பது அந்தக் கிள்ளிக் கொடுத்தலைத்தான்.

தொட்டியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மன்னார் வளைகுடாவைப் பாருங்கோ. மண்டபம் பக்கம் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுச் சிவப்புப் பாசியைக் கடலிலேயே வளர்த்தார்கள்; பெப்சி நிறுவனமும் ஒப்பந்த முறையில் வளர்ப்பித்தது. அது குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கரையில் தொட்டிக்குள் வளர்த்தால் இந்த ஆபத்து குறையும், உண்மைதான்.

ஆனால் அதே கடலில் தலைமுறையாக மூழ்கிப் பாசி எடுத்த ராமநாதபுரத்துப் பெண்களை, தேசியப் பூங்கா என்று சொல்லி வனத்துறை தீவுகளுக்குப் போகவிடாமல் தடுக்குது. தொட்டிக்குக் கரையோர நிலம் வேணும், பம்புக்கு ஓயாத மின்சாரம் வேணும், முதல் வேணும். அவர்களிட்ட அது எதுவும் இல்லை. கடலும் இல்லை, தொட்டியும் இல்லை என்றால் அந்தப் பெண்களுக்கு மிஞ்சுவது பாசித் தொழிற்சாலையில் தினக்கூலிதான்.

ஆகவே "பசுமை" என்று கைதட்ட முதல் கேட்போம். நீங்கள் படிக்கிற பல்கலைக்கழகம் எந்தெந்த உயிருக்குக் காப்புரிமை வைத்திருக்கு? உரிமம் ஆருக்கு, என்ன விலைக்கு? பொதுப்பணத்தில் உருவான ரகங்களைக் கரையோரக் கூட்டுறவுகளுக்கு இலவசமாய்க் கொடு என்று மாணவர் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கோ. இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.