நோய் மீனுக்கு, மருந்து இறாலுக்கா?



போன வருடம் தரம் 8 மாணவன் ஒருவன் காலையிலேயே என்னிடம் வந்தான். "சேர், எங்கட டேங்க்ல மீனுக்கெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி."

"கடையில மருந்து வாங்கி ஊத்துங்க மகன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் மீன்கள் உயிரோடு இருந்தன. அவன் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கி, குட்டி போட்டுப் பெருகிய சிவப்பு செர்ரி இறால்கள் அத்தனையும் செடிகளுக்கடியில் செத்துக் கிடந்தன. போத்தலை வாங்கிப் பார்த்தேன். லேபிளே இல்லை. விற்றவருக்கும் அதில் என்ன இருக்கிறதென்று சொல்லத் தெரியவில்லை. "நான் அளவு கூடப் போட்டுட்டேனா சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டான். பிழை அவனுடையதல்ல. விஞ்ஞானம் படிப்பிக்கிற என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான்: செடியும் இறாலும் உள்ள தொட்டிக்குள் மருந்தை ஊற்றக் கூடாது. மீனை வெளியே எடுத்து வைத்தியம் செய்ய வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். இறால் மீனினம் அல்ல, பூச்சிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். மீன் தாங்குகிற மருந்தை அது தாங்காது. மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மிகக் குறைந்த அளவு செம்பே இறாலைக் கொன்றுவிடும். மெதிலீன் நீலம் போட்டால் செடி வாடும், அழுக்கை உடைக்கிற நல்ல பற்றீரியாவும் சாகும். உப்புப் போட்டாலும் செடிக்குக் கூடாது. ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றை இழக்கிறோம்.

வெள்ளைப் புள்ளி நோயில் இன்னொரு விசயம் இருக்கிறது. நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணி. அங்கே அதை மருந்து தொடாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, மண்ணிலும் செடியிலும் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தி வரும். மருந்து வேலை செய்வது நீந்தும் அந்தக் குஞ்சுகளில் மட்டும்தான். அவற்றுக்கு ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் தாமாகவே செத்துவிடும். இறாலில் அவை வாழாது.

அப்படியென்றால் வழி தெளிவு. எல்லா மீன்களையும் ஒரு பெரிய வாளிக்கோ பேசினுக்கோ மாற்றுங்கள். புள்ளி தெரியாத மீனையும் விட வேண்டாம். இறாலும் செடியும் தொட்டியிலேயே இருக்கட்டும். வாளிக்கு எயார் பம்ப் போடுங்கள். லீற்றருக்கு 2 கிராம் அளவில் கட்டி உப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தினமும் அடியிலுள்ள தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் போன தண்ணீரை அதே உப்பளவோடு ஊற்றுங்கள். கீழே விழுந்த ஒட்டுண்ணிகளில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். கடை மருந்துதான் வேண்டுமென்றால் லேபிள் உள்ளதை வாங்கி அந்த வாளியில் மட்டும் பாவியுங்கள். நம் கரையோர ஊர்களில் தண்ணீர் 28 பாகையளவில் இருப்பதால் ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். பத்து நாள் மீன் இல்லாமல் விட்டால் தொட்டி சுத்தமாகிவிடும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் கெப்சூலை உடைத்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். வெள்ளைப் புள்ளி பற்றீரியா நோயல்ல, அதற்கு அது கேட்காது. பில்டரிலுள்ள நல்ல பற்றீரியா செத்து அமோனியா ஏறும், பிறகு மீனும் இறாலும் சேர்ந்தே போகும். அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரவும் நாமே வழி செய்கிறோம். டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து மீன் தொட்டியில் என்ன செய்கிறது?

"நூறு, இருநூறு ரூபா மீனுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்பீர்கள். ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? கண்ணாடிக்குள் அடைத்து வைத்த உயிரும் நம் கையில் உள்ள அமானிதம்தான். அது தப்பி ஓடவும் முடியாது, எங்கே வலிக்கிறதென்று சொல்லவும் முடியாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குத் தொட்டி வாங்கிக் கொடுக்கும்போது ஒரு வாளியும் சின்ன ஸ்பொன்ச் பில்டரும் சேர்த்து வாங்குங்கள். புதிய மீனை இரண்டு கிழமை அதில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடச் சொல்லுங்கள். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம். கடைக்காரச் சகோதரர்களே, பெயரில்லாத போத்தலைப் பிள்ளைகளுக்கு விற்காதீர்கள்.

அந்த மாணவன் இப்போது தரம் 9. மறுபடி இறால் வளர்க்கிறான். போன மாதம் புது கப்பிகளில் புள்ளி கண்டபோது என்னிடம் கேட்க வரவில்லை. அவனுடைய வாளியில் அவை எட்டாவது நாளாக நீந்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தெரியும்.