பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?

“பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?” என வினவும் பெற்றோர் இன்றும் உளர். அவர்கள்முன் நெதர்லாந்து நாட்டு வீராங்கனை ஒருவரின் வரலாற்றை வைக்க விழைகிறோம்.

1978ஆம் ஆண்டில் பிறந்த டேனியல் டி பிராய்ன் அம்மையார் ஆடியது, வாட்டர் போலோ எனப்படும் நீர்ப்பந்தாட்டம். அணிக்கு எழுவர். கோல் காவலர் தவிர மற்றவர் பந்தை ஒரு கையால்தான் பிடிக்கலாம். குளத்தின் தரையில் கால் ஊன்றலாகாது. ஆட்டம் முடியும்வரை கால்கள் நீரைக் கடைந்தவண்ணமே இருத்தல் வேண்டும். காற்பந்துத் திடலில் களைத்தவர் இடுப்பில் கைவைத்து நிற்பதுண்டு. இங்கே நின்றால் மூழ்க வேண்டியதுதான்!

ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் ஆடவர்க்கு 1900இலேயே கிட்டியது. பெண்களுக்கோ 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அதுவரை பெண்கள் ஆடாமலா இருந்தனர்? 1991இல் பெர்த் நகரில் டச்சுப் பெண்கள் உலகப் பட்டமே வென்றிருந்தனர். திறமையின்மையால் அன்று, அழைப்பார் இன்மையால் வெளியே நின்றனர் என்போம்.

சிட்னியில் டி பிராய்னின் அணி, வெண்கலத்திற்கான ஆட்டத்தில் ரஷ்யாவிடம் 3-4 எனத் தோற்றது. 2004இல் ஏதென்சுக்குத் தகுதியே பெறவில்லை. எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2008 ஆகஸ்டு 21, பெய்ஜிங் இறுதியாட்டம். எதிரணி அமெரிக்கா. டச்சுப் பெண்கள் 9-8 எனத் தங்கம் வென்றனர். அந்த ஒன்பது கோல்களுள் ஏழு, டி பிராய்ன் அடித்தவை! இறுதிக் கோல் விழுந்தபோது எஞ்சியிருந்தவை 26 விநாடிகளே.

அந்த ஏழு கோல்களைவிட அந்நாட்டார் வழக்கம் ஒன்றையே நாம் பெரிதாக மதிக்கிறோம். நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது, ஊரெங்கும் கால்வாய்கள். ஆதலின் ஆண், பெண் பேதமின்றித் தொடக்கப்பள்ளி வயதிலேயே பிள்ளைகள் நீச்சல் பயின்று சான்றிதழ் பெறுகின்றனர். அத்தேர்வில் சட்டையும் காலணியும் அணிந்தே நீந்திக் காட்டும் பகுதியும் உண்டு. கால்வாயில் தவறி விழுபவர் நீச்சலுடையிலா விழுகிறார்? பதக்கம் பிறகு, உயிர் முதலில். ஆற்றோரம் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

அத்தங்கத்திற்குப் பின் 2012, 2016 ஒலிம்பிக் போட்டிகளில் டச்சுப் பெண்கள் அணி இடம்பெறவில்லை. 2024இல் பாரிசில் மீண்டும் அமெரிக்காவையே எதிர்கொண்டு, 11-10 என வென்று வெண்கலம் பெற்றது. அன்றும் வெற்றிக் கோல் ஆட்டத்தின் கடைசி விநாடியில்தான் விழுந்தது.